பாய்மரம், வேன், பக்கத்து காலி மனை!

'சம்மர் லீவுக்கு என்ன பிளான் பாஸ்?' - ஏப்ரல் கடைசியில் எந்த கேன்டீனில் காதை வைத்தாலும் இதே கேள்விதான். பதில்களும் ரெடிமேடு. 'இன்டர்ன்ஷிப்' என்று பந்தா விடுவான் ஒருத்தன். 'அரியர் க்ளியர் பண்ணணும்டா' என்பான் உண்மை பேசுகிறவன். 'சும்மாதான் இருக்கப் போறேன்' என்பவர்கள்தான் மெஜாரிட்டி. நான் எப்பவும் மெஜாரிட்டி கட்சி.

அந்த நிம்மதிக்கு வேட்டு வைத்தான் என் அத்தை பையன். இங்கிலாந்தில் செட்டிலான ஃபேமிலி. ஒரு ராத்திரி தன்னோட லீவு போட்டோக்களை மொத்தமாகத் தட்டிவிட்டான். முதல் செட்டில் ஏரி நடுவே பாய்மரப் படகு ஓட்டுகிறான். ரெண்டாவதில் கேம்பர் வேன். உள்ளேயே அடுப்பு, உள்ளேயே கட்டில், ஜன்னலைத் திறந்தால் மலை. மூன்றாவதில் வீட்டுத் தோட்டத்தில் பைனாகுலரோடு உட்கார்ந்து முள்ளெலியும் குருவியும் பார்க்கிறான். கீழே ஒரு வரி: 'நீங்கள்லாம் லீவுல என்னடா பண்ணுவீங்க?'

என்னத்தைச் சொல்ல? நான் ஊரப்பாக்கம். முன்பெல்லாம் யாராவது அட்ரஸ் கேட்டால் 'வண்டலூர் ஜூ தாண்டி' என்போம். 2023 டிசம்பர் 30-ம் தேதி கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்த பிறகு, 'கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டு பக்கம்' என்று அட்ரஸுக்கு ப்ரமோஷன் கிடைத்துவிட்டது. கடல் கிடையாது. மலை கிடையாது. தோட்டம்? மொட்டை மாடியில் பெயின்ட் பக்கெட்டில் ரெண்டு கறிவேப்பிலை, ஒரு கற்றாழை. மிருகம் பார்க்கணும்னா ஜூவுக்கு டிக்கெட் எடுக்கணும். அவ்வளவுதான் எங்க வைல்ட் லைஃப்.

அன்னிக்கு ராத்திரி மொட்டை மாடியில் கச்சேரி. நான், பைக் பார்ட்டி, எங்க கிளாஸ் டாப்பர். போட்டோவைக் காட்டிப் புலம்பினேன். பக்கத்து காலி மனையிலிருந்து ஒரு பறவை வேறு விடாமல் கத்திக்கொண்டிருந்தது. 'செமஸ்டர் நேரத்துல படிக்க விடாது, இப்ப பேசவும் விடாது' என்று ஒரு கல்லை எடுத்து வீசினேன். (இந்தக் கல்லை ஞாபகம் வெச்சுக்கோங்க மக்களே. பின்னாடி எனக்கே திரும்பி வரப்போவுது.)

டாப்பர்தான் ஆரம்பித்தான். 'ஏன், அந்த மூணையும் இங்கேருந்தே பண்ண முடியாதா? ஆளுக்கு ஆயிரம் ரூபா பட்ஜெட். பெட்டா?'

பெட்டு!

முதல் ரவுண்டு: பாய்மரம்

பாய்மரப் படகு ஓட்டுறதெல்லாம் வெள்ளைக்காரன் விளையாட்டு என்றுதான் நினைத்திருந்தேன். பாதி சரி. சென்னைத் துறைமுகத்துக்குள்ளே இருக்கிற ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பை 1911-ல் ஆரம்பித்தவர், துறைமுகத் தலைவராக இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். மீதிப் பாதிதான் சர்ப்ரைஸ்.

'நேத்ரா குமணன் யாருன்னு தெரியுமா?' என்றான் டாப்பர். முழித்தேன். சென்னைப் பொண்ணு. 2009-ல் தமிழ்நாடு செய்லிங் அசோசியேஷன் நடத்திய சம்மர் கேம்ப்பில் போய்ச் சேர்ந்தவர். ஆமாம், நாம பாதியில் எஸ்கேப் ஆகிற அதே டைப் சம்மர் கேம்ப்! 2020 ஜனவரியில் மியாமியில் நடந்த உலகக் கோப்பைத் தொடரில் வெண்கலம். 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக். பாய்மரப் படகுப் போட்டியில் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் இவர்தான். அங்கே 35-வது இடம். 2024 பாரிஸில் 21-வது இடம். மெடல் இல்லை. ஆனால் மூணே வருஷத்தில் பதினாலு படி ஏறியிருக்கிறார். இன்ஜினீயரிங் படித்தது எங்கே தெரியுமா? எஸ்.ஆர்.எம்.! பொத்தேரி. எங்க ஸ்டேஷனிலிருந்து ரெண்டாவது ஸ்டாப்.

'ட்ரெயின்ல கூட்டத்துல இடிச்சுக்கிட்டுப் போறப்ப, அந்த காலேஜ் பொண்ணு ஒண்ணு ஒலிம்பிக் போயிருக்குன்னு எவனாவது சொன்னானாடா?' என்று பைக் பார்ட்டி கொந்தளித்தான்.

கிளப்பில் சேர்ந்து படகு கற்றுக்கொள்ள எங்க ஆயிரம் ரூபாய் தாங்காது. அதனால் ஒரு காலையில் வண்டலூர் - கேளம்பாக்கம் ரோட்டைப் பிடித்து கோவளம் போனோம். மணலில் ஒரு பழைய கட்டுமரம் கிடந்தது. பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த அண்ணனிடம் கதை கேட்டோம்.

'ரெண்டு மூணு கட்டையை ஒண்ணாச் சேத்துக் கயிறு போட்டுக் கட்டுறதுதான் தம்பி. கரைக்கு வந்ததும் கட்டைப் பிரிச்சுக் காய வெச்சிருவோம். இது முழுகாது.'

'எப்படிண்ணே முழுகாது?'

'முழுகணும்னா தண்ணி பூர்றதுக்கு உள்ளேன்னு ஒண்ணு வேணும்ல? இதுலதான் உள்ளேயே கிடையாதே!'

மூணு பேரும் 'ஙே' என்று நின்றோம். நாலு செமஸ்டர் இன்ஜினீயரிங் ஒரே வரியில் முடிந்தது.

இந்தக் கட்டுமரம்தான் இங்கிலீஷில் 'கேட்டமரன்' ஆச்சு. இந்தக் கடற்கரைப் பக்கம் வந்துபோன வில்லியம் டாம்பியர் என்கிற ஆங்கிலேய மாலுமி 1697-ல் வெளியான தன் பயணப் புத்தகத்தில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். இன்னிக்கு உலகம் கேட்டமரன் என்று சொல்வது ரெண்டு அடிப்பாகம் வைத்த படகு. அந்த வடிவம் பசிபிக் தீவுக்காரர்களுடையது, பேர் மட்டும் நம்முடையது. 1876-ல் அமெரிக்காவில் ஹெரஷாஃப் என்பவர் அப்படி ஒரு படகை ரேஸில் விட்டார். மற்ற படகையெல்லாம் அது ஊதித் தள்ளியதில், 'இந்த டைப்பே போட்டிக்கு வரக் கூடாது' என்று தடை போட்டார்கள். ஜெயிச்சதுக்குத் தடை! இன்னிக்கு ஒலிம்பிக்கிலேயே அதற்கு ஒரு தனிப் பிரிவு இருக்கிறது.

'பாய் எங்கண்ணே?' என்றோம். 'அதெல்லாம் எங்கப்பா காலத்தோட சரி. இப்ப ஃபைபர் போட்டு, மோட்டார்' என்றவர் ஒரு குச்சியை எடுத்து மணலில் கோடு போட்டார். காத்துக்கு நேர் எதிராகப் பாய்மரம் போகவே போகாது. சாய்வாக இடப்பக்கம் கொஞ்ச தூரம், அப்புறம் பாயைத் திருப்பி வலப்பக்கம் கொஞ்ச தூரம். இப்படி வளைந்து வளைந்துதான் முன்னேறணும். நேத்ரா ஒலிம்பிக்கில் பண்ணுவதும் இதே கணக்குதான். பகல் ஏற ஏற நிலம் சூடாகி, கடலிலிருந்து காத்து உள்ளே வரும். அதே கடல்காத்துதான் மத்தியானத்துக்கு மேல் ஊரப்பாக்கம் மொட்டை மாடிக்கும் வந்து சேர்கிறது. அது லேட்டானால்தான் அன்னிக்கு நமக்கு வெயில் டபுள் டோஸ்.

அண்ணன் முழங்கால் தண்ணியில் கட்டுமரத்தைப் பிடித்துக்கொள்ள, ஒவ்வொருத்தராக ஏறினோம். நான் மூணு தடவை விழுந்தேன். பைக் பார்ட்டி அஞ்சு. டாப்பர் விழவே இல்லை. அங்கேயும் ஃபர்ஸ்ட் ரேங்க், கொடுமை!

கிளம்பும்போது, 'பெரிய போட்டெல்லாம் ஏண்ணே சும்மா நிக்குது?'ன்னு கேட்டேன். 'தடைக்காலம் தம்பி.' ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கிற காலம். 'மீனுக்கு லீவு விட்ருக்கோம்' என்று சிரித்தார்.

லீவு எடுக்கத்தான் எனக்குத் தெரியும். லீவு விடுறதுன்னு ஒண்ணு இருக்கிறதே அன்னிக்குத்தான் உறைத்தது.

ரெண்டாவது ரவுண்டு: கேம்பர் வேன்

நம்ம ஊரில் கேரவன் என்றால் ஷூட்டிங்கில் ஹீரோ ஏசி போட்டுத் தூங்குற வண்டி. வெளிநாட்டில் 1950-ல் ஃபோக்ஸ்வேகன் வேன் வந்ததும், அதற்குள் கட்டிலும் அடுப்பும் வைத்து ஊர் சுற்ற ஆரம்பித்துவிட்டார்கள். 60-கள், 70-களில் ஹிப்பிகள் ஐரோப்பாவிலிருந்து துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக வேனிலேயே இந்தியா வந்தார்கள். 1979-ல் ஈரான் புரட்சி, ஆப்கன் படையெடுப்பு என்று வரிசையாக வெடித்ததும் அந்த ரூட்டு க்ளோஸ். 2021-ல் கேரளா அரசு கேரவன் டூரிஸம் என்று தனித் திட்டமே அறிவித்தது. வாடகையை விசாரித்த பைக் பார்ட்டி போனை மெதுவாகக் கீழே வைத்தான்.

அப்பத்தான் அம்மாவின் குரல். 'குலதெய்வம் கோயிலுக்கு வேன் சொல்லியாச்சு. இந்த வருஷமாவது வர்றியா, இல்ல வழக்கம்போல எக்ஸாம்னு கதை விடப் போறியா?'

பல்பு எரிந்தது. ஜமுக்காளம், தலையணை, கேஸ் அடுப்பு, அண்டா, அரிசி மூட்டை, ரெண்டு கேன் தண்ணி, புளிசாதம், பாட்டியோட மாத்திரை டப்பா... இதுக்குப் பேர் கேம்பர் வேன் இல்லாமல் வேறென்ன? அத்தை பையன் வண்டியில் ரெண்டு பேர் படுக்கலாம். எங்க வேனில் பதினேழு பேர்! ஃப்ரெண்ட்ஸ் ரெண்டு பேரையும் சேர்த்து ஏற்றிக்கொண்டேன். நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம், ஒரு தேங்காய், போலாம் ரைட்.

ஜி.எஸ்.டி. ரோட்டில் திண்டிவனம் போய், செஞ்சி பக்கம் திரும்பி ஒரு கிராமம். ஏரிக்கரையில் அய்யனார், மண்குதிரைகள். பொங்கல் வைத்து, சாப்பிட்டு, ராத்திரி வேப்பமரத்தடியில் வரிசையாகப் படுத்தோம். தெருவிளக்கு இல்லாத வானத்தை நான் அவ்வளவு பெரிசாகப் பார்த்ததே இல்லை. பாட்டி பக்கத்தில் படுத்துக்கொண்டு, தான் எட்டு வயசில் மாட்டுவண்டியில் இதே கோயிலுக்கு வந்த கதையைச் சொன்னார். மூணு வருஷமாக எக்ஸாம் என்று பொய் சொல்லி நான் மிஸ் பண்ணினது எது என்று அப்போதுதான் தெரிந்தது. பாட்டிக்கு 78 வயசு.

திரும்பி வரும்போது படாளத்தில் வண்டியைத் திருப்பி வேடந்தாங்கல் போனோம். சீசன் நவம்பர் டு மார்ச். நாங்கள் போனது மே. ஏரியில் தண்ணியும் கொஞ்சம், பறவையும் கொஞ்சம். 'உள்நாட்டுப் பறவைங்களே லீவுக்கு வேற ஊர் போயிடுச்சு, நாம மட்டும் வந்திருக்கோம்' என்றான் பைக் பார்ட்டி.

ஆனால் டீக்கடையில் ஒரு பெரியவர் சொன்ன கதைக்கே அந்த பெட்ரோல் தகும். அந்தக் காலத்தில் வெள்ளைக்கார சிப்பாய்கள் இங்கே வந்து பறவைகளைச் சுட்டார்கள். ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் போய் நின்றார்கள். 1798-ல், லயனல் பிளேஸ் கலெக்டராக இருந்தபோது, பறவைகளைக் காக்கிற உரிமையை எழுதி வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். பாசம் மட்டும் காரணமில்லை, விவரமும்தான். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணி வயலுக்குப் பாய்ந்தால் உரமே தனியாக வேண்டாம். 'தீவாளிக்கு இந்தூர்ல வெடி கிடையாது தம்பி. குஞ்சு பொரிக்கிற நேரம், பயந்துக்கும்ல?' என்றார் சர்வசாதாரணமாக. சுமார் 30 ஹெக்டேர் ஏரி. 2022-ல் ராம்சர் என்கிற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. அதற்கு இருநூறு வருஷம் முன்பே ஊர் தன் பட்டியலில் சேர்த்துவிட்டது.

மறுபடியும் அதே விஷயம். லீவு விடுறது.

மூணாவது ரவுண்டு: காலி மனை

ஊருக்கு வந்த மறுநாள் சாயங்காலம். மொட்டை மாடியில் அதே கத்தல். இந்தத் தடவை கல்லை எடுக்காமல் எட்டிப் பார்த்தேன். பக்கத்து மனையில், கருவேலங்கன்றுக்கும் உடைந்த செங்கல்லுக்கும் நடுவே, மஞ்சள் காலும் கண்ணுக்கு முன்னால் சிவப்புத் தோலுமாக ஒரு பறவை. ஆள்காட்டிக் குருவி. ஆள் வந்தால் கத்திக் காட்டிக்கொடுத்துவிடும், அதனால் அந்தப் பேர். டாப்பர் போனில் ஜூம் பண்ணினான். 'மச்சி, அது உக்காந்துருக்கிற இடத்தைப் பாரு.' கூடு இல்லை, புல் இல்லை. வெறுந்தரையில் ஒரு சின்னக் குழி, சுத்தி நாலு கூழாங்கல், நடுவில் மண் கலரில் கறுப்புப் புள்ளி போட்ட நாலு முட்டை. அதிலிருந்து ரெண்டடி தள்ளி, நான் அன்னிக்கு வீசிய கல்.

அதுவரைக்கும் ஜாலியாக இருந்தவன் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

பஞ்சதந்திரத்தில் இந்தப் பறவைக்கு ஒரு கதை உண்டு. கடற்கரையில் இட்ட முட்டையைக் கடல் அடித்துக்கொண்டு போய்விடும். ஆள்காட்டி ஜோடி, பறவைக் கூட்டத்தையே திரட்டி, கருடன் மூலமாக விஷ்ணு வரைக்கும் கேஸைக் கொண்டுபோய், முட்டையைத் திருப்பி வாங்கிவிடும். கடலோடேயே மோதின பார்ட்டி, என் கல்லுக்கா பயப்படும்?

தினமும் மாடியிலிருந்து பார்த்தோம். ஆணும் பெண்ணும் ஷிஃப்ட் போட்டு அடைகாக்கும். பொதுவாக நாலு வாரம் ஆகும். வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில் ஒண்ணு பறந்துபோய், எங்கேயோ தண்ணியில் வயித்துச் சிறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டை மேல் உட்காரும். கூலர்! இதற்கு நடுவே அந்த ஒரே மனையில் கீரி, செம்போத்து, தவிட்டுக்குருவிக் கூட்டம், சாயங்காலமானால் புள்ளி ஆந்தை ஜோடி என்று நோட்டில் லிஸ்ட் இருபதைத் தாண்டியது. மா.கிருஷ்ணன் என்று ஒருத்தர் இருந்தார். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ.மாதவையாவின் மகன். 1950-லிருந்து 1996-ல் இறக்கிற வரைக்கும் 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் இயற்கை பற்றிப் பத்தி எழுதியவர். காட்டு யானையைப் பற்றி எழுதிய அதே மரியாதையோடு, காக்காய், ஓணான் என்று வீட்டுப் பக்கத்து ஜீவன்களைப் பற்றியும் எழுதினார். மயிலாப்பூர் காம்பவுண்டில் அவருக்குக் கிடைத்தது எங்களுக்கும் ஒரு கிரவுண்டில் கிடைத்தது.

ஒன்பதாவது நாள் காலையில் ஜே.சி.பி. வந்து நின்றது.

மூணு பேரும் பல்லே விளக்காமல் ஓடினோம். மனைக்கார சார் ரிட்டயர்டு ஆள். 'வேலையை ரெண்டு வாரம் தள்ளிப் போட முடியுமா சார்?' என்றதும் முறைத்தார். 'எதுக்கு, முட்டைக்கா? தம்பி, வாடகை வீட்ல இருந்துக்கிட்டு லோன் வட்டி கட்றவன் நான். உங்களுக்கு லீவு, எனக்கு?' நியாயம்தான். எங்களிடம் பதில் இல்லை. டாப்பர் போனில் ஒரு செய்தியை எடுத்துக் காட்டினான். 2020-ல் சிவகங்கை மாவட்டம் பொத்தகுடியில் தெருவிளக்கு ஸ்விட்ச் பெட்டிக்குள் ஒரு குருவி கூடு கட்டிவிட்டது. அது குஞ்சு பொரித்துப் பறக்கிற வரைக்கும், ஒரு மாசத்துக்கும் மேல், ஊரே தெருவிளக்கு போடாமல் இருட்டில் இருந்தது. சார் படித்தார். ஒண்ணும் சொல்லவில்லை.

அப்போது காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து எங்க பாட்டி: 'சார், புள்ளத்தாச்சி இருக்கிற வீட்ல மண்ணு வெட்டக் கூடாதும்பாங்க. அதுவும் ஒரு புள்ளத்தாச்சிதானே?'

சார் சிரித்துவிட்டார். 'சரிம்மா. அந்தக் கோடியிலேருந்து ஆரம்பிக்கச் சொல்றேன். இந்த மூலைக்குக் கடைசியா வரட்டும். ரெண்டு வாரம். அதுக்கு மேல பேங்க்காரன் எனக்கு லீவு விட மாட்டான்.'

மூலையைச் சுத்தி செங்கல் அடுக்கினோம், கொஞ்சம் தள்ளியே. அப்புறம் கிட்டவே போகவில்லை. நாம அடிக்கடி போய் நின்றால் காக்காய்க்கு அதுவே வழிகாட்டி. அப்படியும் ஒரு முட்டை காணாமல் போனது. பதினோராம் நாள் காலையில் மூணு குஞ்சு! பஞ்சு உருண்டைக்குப் பல்குச்சிக் கால் வைத்த மாதிரி. தாய் ஒரு குரல் கொடுத்தால் மூணும் அப்படியே தரையோடு தரையாகிவிடும், கண்ணெதிரே இருந்தும் தெரியாது. அன்னிக்குச் சாயங்காலமே நடந்து வேலியைத் தாண்டிப் போயின. பதினாலாம் நாள் அந்த மூலையிலும் குழி விழுந்தது.

இப்போது அங்கே மூணு மாடி வீடு. கிரகப்பிரவேசத்துக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தார் சார். கீரியைக் காணோம், ஆந்தையைக் காணோம். நோட்டில் இருந்த லிஸ்டில் பாதிக்கு மேல் அவுட். இப்படித்தான் எங்க ஏரியா மனை மனையாக நிரம்பிக்கொண்டிருக்கிறது. எங்க வீடே ஒரு காலத்தில் யாரோட முட்டை மேலயோ கட்டினதாகத்தான் இருக்கும். வீடு கட்டாதே என்று யாரிடமும் சொல்ல முடியாது. ரெண்டு வாரம் லீவு விடுங்க என்று கேட்க முடியும். கேட்டால் கிடைக்கிறது என்பதுதான் நான் அந்த சம்மரில் படித்த ஒரே பாடம்.

அதுக்குப் பெரிய செலவில்லை மக்களே. மாடியில் ஒரு மண்சட்டியில் தண்ணி வையுங்கள். உங்க ஹாஸ்டல் பின்பக்கத்துப் புதரை ஒரு வாரம் சும்மா உட்கார்ந்து பாருங்கள், பார்த்ததை நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். பிப்ரவரியில் கேம்பஸ் பறவைக் கணக்கெடுப்பு, பொங்கல் லீவில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு என்று நடக்கிறது. நோட்டில் இருப்பதை 'ஈபேர்ட்'டில் ஏற்றினால் உங்க காலேஜ் காம்பவுண்டும் கணக்கில் வரும். கட்டடத்துக்குக் கடைக்கால் தோண்டுகிற நாளில், 'இங்கே இது இருந்தது' என்று சொல்ல ஒரு ஆளாவது இருக்கணும் இல்லையா?

அத்தை பையனுக்கு பதில் அனுப்பினேன். கட்டுமரத்திலிருந்து நான் விழுகிற போட்டோ, பதினேழு பேர் நிற்கிற வேன் போட்டோ, மூணாவதாக வெறும் மண்தரை போட்டோ.

'இதுல என்னடா இருக்கு?' என்று கேட்டான்.

'நல்லாப் பாரு. மூணு குஞ்சு இருக்கு' என்றேன்.

அஞ்சு நிமிஷம் கழித்து பதில் வந்தது. 'ரெண்டுதான்டா தெரியுது!'

தேடிக்கிட்டே இருக்கட்டும்!